அயோத்திதாசப் பண்டிதர் வாழ்வில் ஆதிக்கமும் பொதுநம்பிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆதிக்கம் பெற்ற வகுப்பாரின் கருத்துகள் ஒரு சமூகம் முழுவதற்கும் உரிய நம்பிக்கைகளாக எவ்வாறு நிலைபெறுகின்றன என்னும் வினாவைத் தம் வாழ்நாள் வினாவாகக் கொண்டவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). பெயர், பிறப்புக் கதை, விழா, இலக்கியம் ஆகிய நான்கின் வழியாக அந்நம்பிக்கைகள் ஒடுக்கப்பட்டோர் உள்ளத்திலும் குடிகொள்கின்றன என்று அவர் கண்டார்; அந்நான்கையே தம் எதிர்ப்புக்கும் களமாக்கினார். அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளைக் காலமுறையில் தொகுத்து, அவற்றினூடே இச்சிந்தனை உருவான வகையையும், அது சேலம், வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்ற தொழிலாளரிடையே வேர்கொண்ட வகையையும், அதன் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அயோத்திதாசர், ஆதிக்க வகுப்பு, பொதுநம்பிக்கை, தமிழ்ப் பௌத்தம், தமிழன் இதழ், கோலார் தங்கவயல், பாராமகால்

முன்னுரை

ஒரு நாட்டில் உடைமையும் அதிகாரமும் எவரிடம் உள்ளனவோ அவருடைய எண்ணங்களே அந்நாட்டின் எண்ணங்களாக வழங்கும் என்னும் கருத்தை மார்க்சும் எங்கெல்சும் 1845–46ஆம் ஆண்டுகளில் எழுதிய 'ஜெர்மன் சித்தாந்தம்' என்னும் நூலில் முன்வைத்தனர். அந்நூல் முழுமையாக அச்சேறியது 1932இல்தான். இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி 1929 முதல் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில் இக்கருத்தை மேலும் வளர்த்தார். ஆளும் வகுப்பு வன்முறையால் மட்டும் ஆள்வதில்லை. ஆளப்படுவோரின் இசைவையும் பெற்றே ஆள்கிறது என்பதும், அவ்விசைவு உருவாகும் இடம் மக்களின் பொதுப்புத்தி என்பதும் அவர் ஆய்வின் சாரம்.

இவ்விரு நூல்களும் வெளியுலகுக்குத் தெரியவருமுன்னரே, அவற்றின் தொடர்பு எதுவுமின்றி, தமிழகத்தில் ஒருவர் இதே வினாவை எழுப்பியிருந்தார். 1845ஆம் ஆண்டில் பிறந்த அயோத்திதாசப் பண்டிதரே அவர். அவரை இந்நிலைக்குக் கொண்டுவந்தது தத்துவக் கல்வியன்று. இழிவைச் சுமத்தியவர் சொல்லும் கதையைச் சுமப்பவரும் நம்புவது ஏன் என்னும் வாழ்வியல் நெருக்கடியே அவரைச் சிந்திக்க வைத்தது. சாதியிழிவைச் சட்டமும் சீர்திருத்தமும் மட்டும் நீக்கிவிடா என்றும், இழிவை இயல்பென ஏற்கவைக்கும் கதைகளை முதலில் அவிழ்க்க வேண்டும் என்றும் அவர் கருதினார். அவர் வாழ்க்கை வரலாற்றை இந்நோக்கில் வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடும்பமும் கல்வியும்

அயோத்திதாசர் 1845 மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அலுவலரிடம் சமையற்பணி புரிந்தவர். திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஏட்டுச் சுவடிகளைக் கந்தப்பன் ஆரிங்டனிடம் அளித்தார் என்றும், அவை எல்லிஸ் துரையைச் சேர்ந்து அச்சேறுதற்கு உதவின என்றும் அயோத்திதாசரே பிற்காலத்தில் தம் இதழில் பதிவு செய்துள்ளார். திருக்குறள் முதன்முதலாக அச்சு வடிவம் பெற்றது 1812ஆம் ஆண்டில் ஆகும்.

இக்குடும்பச் செய்தி அவர் சிந்தனையின் வித்தாக அமைந்தது. எழுத்தறிவற்றோர் எனவும் கல்விக்குரியர் அல்லர் எனவும் ஊரார் கருதிய ஒரு குடியில் சுவடிகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. ஊரின் நம்பிக்கை ஒன்று. வீட்டின் பரணில் இருந்த சான்று மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த முரண்பாட்டை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். பொதுநம்பிக்கை என்பது உண்மையின் பதிவன்று, ஒருவரால் ஆக்கப்பட்டது என்னும் எண்ணத்திற்கு அவ்வனுபவம் இடமளித்தது எனலாம்.

வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்றார். ஆசிரியர்மீது கொண்ட மதிப்பால் காத்தவராயன் என்னும் பெயரை நீக்கி அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். மருத்துவமே அவருக்கு வாழ்வளித்த தொழில். பிற்காலத்தில் இராயப்பேட்டையில் அவர் மருத்துவராக விளங்கியபோது, இளைஞராயிருந்த திரு.வி. கலியாணசுந்தரனார் அவரிடம் மருத்துவம் பெற்று நலமடைந்தார். அந்நன்றியைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அவர் பதிவு செய்தார்.

நீலகிரியில் தொடக்கம்

அயோத்திதாசரின் பொதுவாழ்வு நீலகிரியில் தொடங்கியது. 1870களில் அவர் அங்கு அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரிலும் ஒரே பொருளைக் காணும் அத்வைதக் கோட்பாடு, மனிதர்க்கிடையே உயர்வு தாழ்வுக்கு இடமளிக்காது என்பது அக்காலத்தில் அவர் கொண்டிருந்த நம்பிக்கையாகும். ஆதிக்க வகுப்பாரின் தத்துவத்தை அதன் சொல்லுக்கேற்பவே ஏற்று, அதன் வழியாகச் சமத்துவத்தைக் கோரிய காலகட்டம் இது.

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. உயர்ந்த தத்துவம் ஏட்டிலும் சாதி வழக்கம் தெருவிலும் ஒன்றையொன்று தொடாமல் வாழ்வதை அவர் கண்டார். தத்துவத்தை ஏற்றுக்கொண்டவர்களே தீண்டாமையையும் கடைப்பிடித்தனர். ஒரு சமூகத்தை உண்மையில் ஆள்வது அதன் மேலான நூல்களா, அன்றாடக் கதைகளும் வழக்கங்களுமா என்னும் வினாவிற்கு அவர் வந்துசேர்ந்தார். பிற்கால ஆய்வுகளில் வேதாந்தத்தைக் காட்டிலும் தீபாவளியையும் கார்த்திகையையும் மாரியம்மனையும் பற்றி அவர் மிகுதியாக எழுதியதற்கு இம்மாற்றமே காரணம் எனக் கருதலாம்.

பெயரும் கணக்கெடுப்பும்

1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஒடுக்கப்பட்ட மக்களைப் பூர்வத் தமிழர் எனப் பதிவு செய்ய வேண்டும் என்று அயோத்திதாசர் வேண்டினார். 1885இல் அருட்திரு ஜான் இரத்தினத்துடன் இணைந்து 'திராவிட பாண்டியன்' என்னும் இதழைத் தொடங்கினார். 1886இல் ஒடுக்கப்பட்டோர் இந்துக்கள் அல்லர் என்னும் அறிவிப்பை வெளியிட்டார். 1891 டிசம்பர் முதல் நாள் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது.

இந்நடவடிக்கைகள் அனைத்திலும் பெயர் முதன்மை பெறுவது கவனிக்கத்தக்கது. காலனிய அரசின் கணக்கெடுப்பு, ஊரில் வழங்கிய இழிபெயர்களை அரசுப் பதிவுகளாக்கியது. வாய்வழக்கில் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த வரிசை, அட்டவணையில் ஏறியதும் மாகாணம் முழுமைக்கும் பொதுவான உண்மையாயிற்று. ஆதிக்க வகுப்பாரின் பார்வை அரசின் எழுத்தாகவும், அரசின் எழுத்து மக்களின் தன்னறிவாகவும் மாறும் இயக்கத்தை அயோத்திதாசர் தொடக்கத்திலேயே உணர்ந்தார்.

இவ்விடத்தில் அவருடைய உறவினரும் சமகாலத் தலைவருமான இரட்டைமலை சீனிவாசன் வேறொரு வழியைத் தேர்ந்தார். இழிபெயரை மறைப்பதால் இழிவு நீங்காது. அப்பெயரையே துணிந்து ஏந்தி உரிமை கோர வேண்டும் என்பது அவர் நிலை. 1893இல் அவர் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். அயோத்திதாசரோ, பிறர் சூட்டிய பெயரை ஏற்பது அவர் சூட்டிய கதையையும் ஏற்பதாகும் எனக் கருதினார். அப்பெயருக்கு அவர் தந்த விளக்கம், போலிகளின் பொய்யைப் பறைந்தவர், அதாவது வெளிப்படச் சொன்னவர், என்பதாகும். குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றத்தை அறிவித்தவராக மாற்றும் விளக்கம் அது. இருவரின் வழிகளும் வேறாயினும், பெயரிடும் அதிகாரமே ஆதிக்கத்தின் முதற்படி என்பதில் இருவர்க்கும் வேறுபாடில்லை.

1892: கோயிலும் பள்ளியும் நிலமும்

1892இல் சென்னையில் நடைபெற்ற மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரியின் சார்பில் அயோத்திதாசர் கலந்துகொண்டார். சிவன், திருமால் ஆகியோர் எல்லார்க்கும் உரிய தெய்வங்கள் எனின், அவர்தம் கோயில்களில் தம் மக்கள் நுழையத் தடை ஏன் என்னும் பொருள்பட அவர் வினவினார். அத்தெய்வங்கள் உங்களுக்குரியன அல்ல, உங்களுக்குக் காட்டேறி, மாடன், கருப்பன் முதலிய சிறுதெய்வங்கள் உள்ளன என்பதாக அவைக்குள்ளிருந்து மறுமொழி வந்தது. அவ்வாறாயின் அத்தெய்வங்கள் எமக்கு வேண்டா என்று கூறிய அவர், ஏழைப் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், உழைப்போர்க்குத் தரிசு நிலமும் வழங்கப்பெற வேண்டும் எனக் கோரினார்.

இந்நிகழ்வு அயோத்திதாசர் வாழ்வின் திருப்புமுனையாகும். வழிபாட்டில் ஒன்று என்று சொல்லும் சமயம் வாயிலில் இரண்டு என்று பிரிக்கிறது. பெருந்தெய்வம், சிறுதெய்வம் என்னும் பாகுபாடே மனிதரின் வரிசையை வானுலகின் வரிசையாகக் காட்டும் உத்தி என்று அவர் உணர்வதற்கு இது வழிவகுத்தது. அதனினும் முதன்மையானது, தெய்வத்தை விட்டவுடன் அவர் கேட்டவை பள்ளியும் நிலமும் என்பது. நம்பிக்கையை மாற்றும் பணி உடைமையின் மாற்றத்திலிருந்து பிரிக்கவியலாதது என அவர் அறிந்திருந்தார். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்டோர்க்குத் தரிசு நிலம் வழங்கும் திட்டம் வந்த அதே ஆண்டில் இக்கோரிக்கை எழுந்தது. பஞ்சமி நிலம் என இன்றும் வழங்கும் அந்நிலங்களின் வரலாற்றோடு அவர் குரலையும் சேர்த்து எண்ணுதல் பொருந்தும்.

பௌத்தத்தை நோக்கி

கோயிலிலிருந்து விலகியவர் ஓர் அறநெறியின்றி மக்களை ஒருங்கிணைக்க இயலாது எனக் கருதினார். 1894 முதல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளைத் தொடங்கியிருந்த கர்னல் ஆல்காட்டின் துணையோடு, 1898இல் பி. கிருஷ்ணசாமியாருடன் இலங்கைக்குச் சென்றார். கொழும்பில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அதே ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்ததும் 1898இல்தான். தமிழ் இலக்கியத்தில் மறைந்திருந்த பௌத்தத்தை அறிஞருலகம் கண்டடைந்த ஆண்டிலேயே, அப்பௌத்தத்தை மக்களின் வாழ்வியலாக மீட்கும் முயற்சியும் தொடங்கியது.

அயோத்திதாசரின் பௌத்தம் மதமாற்றமாக முன்வைக்கப்படவில்லை. தம் மக்கள் முன்னரே பௌத்தர்கள். அவர்கள் புதிதாக எங்கும் செல்லவில்லை, தம் பழைய வீட்டிற்குத் திரும்புகின்றனர் என்பது அவர் வாதம். பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தைப் பகுத்தறிவுக்கும் அறிவியலுக்கும் இயைந்த அறமாக விளக்கியபோது, அயோத்திதாசர் அதைத் தமிழ் மண்ணின் வரலாறாக விளக்கினார். முன்னவருக்குப் பௌத்தம் எதிர்காலத்தின் தேவை. பின்னவருக்கு இழந்த கடந்தகாலத்தின் மீட்பு. ஆதிக்க வகுப்பார் கடந்தகாலத்தைத் தமதாக்கியே நிகழ்காலத்தை ஆள்கின்றனர் என்று கருதியவர் வரலாற்றைக் களமாகத் தேர்ந்தது இயல்பே.

ஒரு பைசாத் தமிழன்

1907 ஜூன் 19ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் சென்னையில் வெளிவந்தது. விலையே இதழின் பெயராயிற்று. ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' என்னும் பெயர் பெற்றது. கூலி பெறும் உழைப்பாளியும் வாங்கத்தக்க விலையில் வரலாறு, இலக்கியம், சமயம், மருத்துவம், அரசியல் ஆகிய அனைத்தையும் தர அவ்விதழ் முயன்றது. வாசகர் வினாக்களும் அவற்றிற்குப் பண்டிதர் தந்த விடைகளும் இதழில் இடம்பெற்றன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர் சூழ்ந்து கேட்கும் வாசிப்பு முறையினால், அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையை மீறி அதன் கருத்துகள் பரவின.

அச்சு ஊடகத்தின் வரலாற்றில் இம்முயற்சியின் பொருள் பெரிது. ஏட்டுக் காலத்தில் நூலும் உரையும் சிலரிடமே இருந்தன. அச்சு வந்தபோது, எந்த நூல் எந்தக் கதையோடு அச்சேற வேண்டும் என்பதைக் கல்வியும் பொருளும் பெற்றோரே முடிவு செய்தனர். திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றிய கதையை அயோத்திதாசர் சான்றாகக் காட்டினார். அந்தணத் தந்தைக்கும் புலைமகளுக்கும் பிறந்தவர் வள்ளுவர் என்னும் கதை, பிற்காலத்தார் நூலோடு சேர்த்து வழங்கியது என்பது அவர் முடிவு. அக்கதை வள்ளுவரைத் தாழ்த்தவில்லை என்று தோன்றலாம். ஆனால் அறிவு தந்தை வழியே வந்தது என்று சொல்லும்போது, தாயின் குடிக்கு அறிவில்லை என்பதும் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. நூலைப் போற்றும் கையே அதன் உரிமையையும் எடுத்துக்கொள்ளும் நுட்பத்தை இங்கு அவர் வெளிப்படுத்தினார்.

கதையும் விழாவும்: நம்பிக்கையின் மறுவாசிப்பு

'இந்திரர் தேச சரித்திரம்' தமிழன் இதழில் தொடராக வெளிவந்த அயோத்திதாசரின் பெருநூல். ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர். அவர் அறம் தழைத்த நாடே இந்திரதேசம். அறவொழுக்கத்தால் அந்தணரானவரே யதார்த்த பிராமணர். அவர் கோலத்தை மட்டும் மேற்கொண்டு அவ்விடத்தைக் கைப்பற்றியவர் வேஷ பிராமணர் என்பது அந்நூலின் அடிப்படை. இவ்வேறுபாட்டை 'யதார்த்த பிராமண வேதாந்த விவரம்', 'வேஷ பிராமண வேதாந்த விவரம்' ஆகிய நூல்களிலும் விரித்துரைத்தார்.

வேடம் என்னும் கருத்து அவர் கோட்பாட்டின் மையமாகும். ஆதிக்கம் பெற விழைவோர் மக்கள் மதிக்கும் ஒன்றை அழிப்பதில்லை. அதன் தோற்றத்தை அணிந்துகொள்கின்றனர். மக்கள் தாம் பழகிய வழிபாட்டையே தொடர்வதாக எண்ணுகின்றனர்; ஆயின் அதன் பொருள் மாறிவிடுகிறது. எனவேதான் ஒடுக்கப்பட்டோர் தம்மை இழிவுசெய்யும் விழாவையும் மகிழ்வோடு கொண்டாடுகின்றனர் என்று அவர் விளக்கினார். வற்புறுத்தலைவிடப் பழக்கம் வலிமையானது என்னும் தெளிவு இதில் உள்ளது.

விழாக்களை அவர் வாசித்த முறை இதற்குச் சான்று. தீபாவளி என்பது எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, அதன் பயனை அறிந்து, மக்கள் தலைமுழுகிக் கொண்டாடிய நாள் என்றார். கார்த்திகைத் தீபம் ஆமணக்கு நெய்யால் விளக்கேற்றும் முறை கண்ட நாள் என்றார். மாரியம்மனை, வேப்பிலையின் மருத்துவப் பயனை மக்களுக்கு உணர்த்திய அம்பிகை என்னும் பௌத்தத் துறவியாக விளக்கினார். அசுரவதையும் தெய்வச் சினமும் நின்ற இடத்தில் உழைப்பும் மருத்துவமும் அறமும் வந்து நிற்கின்றன. சித்த மருத்துவரின் கண் இவ்விளக்கங்களில் புலப்படுகிறது. விழாவை விட்டொழியுமாறு அவர் மக்களிடம் கூறவில்லை. அதன் பொருளைத் திரும்பப் பெறுமாறு கூறினார்.

நந்தனார் கதையையும் இவ்வாறே அணுகினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கதை தமிழகமெங்கும் பரவியிருந்தது. பண்ணையாளாகிய அடியவன் ஆண்டையின் இசைவுக்குக் காத்திருந்து, தீயில் புகுந்து தூய்மை பெற்ற பின்னரே தில்லையை அடைகிறான். கேட்போர் கண்ணீர் விட்டனர். ஆனால் தீக்குளித்தே தூய்மை பெற வேண்டியவன் அவன் என்பதையும் அக்கண்ணீரோடு ஏற்றுக்கொண்டனர். அயோத்திதாசரின் வாசிப்பில் நந்தன் பண்ணையாள் அல்லன். வேடதாரிகளை வினவிய பௌத்த அரசன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். இரக்கத்தின் வழியாகவும் ஆதிக்கம் செயற்படும் என்பதை உணர்த்தியது இவ்வாசிப்பின் சிறப்பாகும்.

பாராமகாலும் தங்கவயலும்

அயோத்திதாசரின் இதழ் சென்னையில் அச்சேறினாலும், அதன் வலிமையான தளங்களுள் ஒன்று மைசூர் எல்லைக்குள் இருந்தது. 1880 முதல் ஜான் டெய்லர் குழுமம் கோலார் தங்கவயலில் சுரங்கங்களைத் தோண்டியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாக அங்குச் சென்றனர். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகள் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. போச்சம்பள்ளி வட்டத்து மத்தூரை நடுவாகக் கொண்டு நோக்கினால், வடக்கே தங்கவயலும் கிழக்கே திருப்பத்தூரும் வடமேற்கே ஓசூரும் அமைகின்றன. பழைய பாராமகாலின் புன்செய் ஊர்களுக்கும் சுரங்கத்திற்கும் இடைப்பட்ட இவ்வெளியே தமிழ்ப் பௌத்தம் தொழிலாளரிடையே பரவிய வெளியாகும்.

ஊரில் சேரியும் தெருவும் பிரிந்திருந்தன. நிலமுடையோர் சொல்லே வழக்காக இருந்தது. சுரங்கத்திலும் கொடுமை இருந்தது. அங்கும் தோல்நிறமும் பதவியும் மனிதரைப் பிரித்தன. ஆயினும் அங்குக் கூலி பணமாகக் கிடைத்தது. ஆண்டையின் பார்வைக்கு அப்பால் கூடிப் பேசவும் படிக்கவும் இடம் கிடைத்தது. ஊரின் கதையை ஐயுறுவதற்கு ஊரைவிட்டு விலகிய வாழ்வு துணைசெய்தது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்ஸ் ஆகிய இடங்களில் பௌத்த சங்கங்கள் எழுந்தன. திருப்பத்தூரிலும் கிளை அமைந்தது. எம்.ஒய். முருகேசர், இ. குருசாமி, ஏ.பி. பெரியசாமிப் புலவர் முதலியோர் இயக்கத்தைத் தாங்கினர். தங்கவயல் தொழிலாளரின் பொருளுதவி தமிழன் இதழுக்குப் பெருந்துணையாயிற்று. ரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடங்களிலும் கிளைகள் தோன்றியமை இதே காரணத்தால் எனலாம்.

ஆதிக்க வகுப்பாரின் நம்பிக்கை தளர்வதற்கு மறுப்புரை மட்டும் போதாது. அம்மறுப்பைக் கேட்டபின் அச்சமின்றி வாழத்தக்க பொருளியல் இடமும் வேண்டும். 1892இல் பள்ளியையும் நிலத்தையும் சேர்த்துக் கேட்டவரின் கருத்து, நிலம் கிடைக்காத மக்களிடையே சுரங்கக் கூலியின் துணையால் வேரூன்றியது.

இறுதிக் காலமும் பின்வாழ்வும்

1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மைச் சாதியற்ற திராவிடர் எனவும் பௌத்தர் எனவும் பதிவு செய்யுமாறு தமிழன் இதழ் வழியே இயக்கம் நடத்தினார். முப்பதாண்டுகளுக்கு முன் தொடங்கிய பெயர்ப் போராட்டத்தின் தொடர்ச்சியே இது. 1914 மே 5ஆம் நாள் அயோத்திதாசர் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து தமிழனை வெளியிட்டார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. சுயமரியாதை இயக்கத்தோடு தங்கவயல் பௌத்தர்கள் உறவுகொண்டிருந்தனர்.

ஆயினும் பல்கலைக்கழக ஆய்வுலகிலும் பொது வரலாற்றிலும் அவர் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே அவர் எழுத்து ஆய்வாளர் கைக்குப் பரவலாக எட்டியது. 2005இல் நடுவணரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. எண்பத்தைந்து ஆண்டுக்கால மறதியும் அவர் கோட்பாட்டிற்கு ஒரு சான்றே. எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்பதையும் ஆதிக்கமே முடிவு செய்கிறது. தொகுப்பு வெளிவருமுன் அவர் எழுத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் தங்கவயல் தொழிலாளர் குடும்பத்தினரும் பௌத்த சங்கத்தினருமே ஆவர். கந்தப்பனின் வீட்டில் திருக்குறள் ஏடு காக்கப்பட்டவாறே, அவர் பேரனின் எழுத்தும் எளியோர் வீடுகளில் காக்கப்பட்டது.

எல்லைகள்

அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சிகளில் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. அவர் கூறிய பௌத்தப் பேரரசின் வரலாறும் கல்வெட்டு, தொல்லியல் சான்றுகளால் அவ்வாறே நிறுவத்தக்கதன்று. ஆங்கில ஆட்சியின்மீது அவர் கொண்ட நம்பிக்கை, அவ்வாட்சி நிலவுடைமையோரோடு கொண்டிருந்த உறவைப் போதிய அளவு காணவிடவில்லை. சுதேசி இயக்கத்தின் உள்ளிருந்த சாதியை அவர் கூர்மையாகக் கண்டார். அரசின் உள்ளிருந்த சுரண்டலை அத்துணைக் கூர்மையாகக் காணவில்லை.

இவற்றினும் கவலைக்குரியது வேறொன்று. தாழ்த்தப்பட்டோர், தாழ்ந்தோர் என அவர் ஒரு வேறுபாடு செய்தார். பௌத்தராயிருந்து சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர் தம் மக்கள் என்றும், அருந்ததியர், குறவர், வில்லியர் முதலியோர் இயல்பாகவே தாழ்ந்த நிலையினர் என்றும் கருதினார். பிறப்பால் இழிவில்லை என்று நிறுவ வந்தவர், தமக்குக் கீழ் ஒரு படியை விட்டுவைத்தார். ஆதிக்க வகுப்பாரின் கதையை முழுமையாக மறுத்தவரிடத்தும், அக்கதையைத் தாங்கிய ஏணியின் வடிவம் எஞ்சியிருந்தது. அருந்ததியரும் இருளரும் வாழும் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதியிலிருந்து அவரை வாசிக்கும்போது இக்குறையைக் கடந்து செல்ல இயலாது. அதே வேளையில், இக்குறையைக் காண்பதற்கான கருவியும் அவர் எழுத்திலேயே உள்ளது. ஒரு மக்கள் இயல்பாகவே தாழ்ந்தவர் என்று எவர் கூறினாலும், அக்கதையை ஆக்கியவர் யார், அதனால் பயன்பெறுபவர் யார் என்று வினவக் கற்பித்தவர் அவரே. அவ்வினாவை அவர்மீதே திருப்புவது அவர் முறைக்கு முரணாகாது.

முடிவுரை

ஆய்வின் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. ஆதிக்க வகுப்பாரின் கருத்துகள் பொதுநம்பிக்கையாவது அவை மக்கள் விரும்பும் வடிவங்களில் குடிபுகுவதால் என அயோத்திதாசர் கண்டார். பெயர் பதிவேட்டிலும், பிறப்புக் கதை நூலின் முகப்பிலும், இழிவு விழாவின் மகிழ்ச்சியிலும், அடிமைத்தனம் பக்தியின் கண்ணீரிலும் மறைந்திருந்து செயற்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். மறுப்பதோடு அமையாமல் மாற்றுக் கதையையும், அதைப் பரப்பும் இதழையும், அதைக் காக்கும் சங்கத்தையும் உருவாக்கினார். அவை ஊரின் பிடியிலிருந்து சற்றே விலகிய தொழிலாளரிடம் நிலைபெற்றன.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. இன்று அதே எல்லைப் பகுதியில் ஓசூரின் தொழிற்சாலைகளை நோக்கி மத்தூர் முதலிய ஊர்களிலிருந்து மக்கள் செல்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன் கூலியோடு ஒரு பைசா இதழும் தொழிலாளர் கைக்கு வந்தது. ஊரைவிட்டு வெளியேறும் வாழ்வு பழைய நம்பிக்கைகளை ஐயுறும் வாய்ப்பை மட்டுமே தருகிறது. அவ்வாய்ப்பைச் சிந்தனையாக்குவதற்கு மக்கள் தாமே நடத்தும் கல்வியும் அமைப்பும் தேவை என்பதை அயோத்திதாசரின் வாழ்வு உணர்த்துகிறது. தங்கவயல் சங்கங்களின் வரலாற்றைச் சேலம், வட ஆர்க்காட்டு ஊர்களின் வாய்மொழி வழக்காறுகளோடு இணைத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.